எண்ணிக்கொண்டே போ

போன சனிக்கிழமை காலை ஈப்போவிலிருந்து என் தோழி வந்தாள். கேஎல் சென்ட்ரலில் ரயிலைவிட்டு இறங்கி, நகரும் படிக்கட்டில் மேலே வந்துகொண்டிருந்தவளைத் தூரத்திலேயே கண்டுகொண்டேன். தோளில் துணிப்பை, கையில் மடக்குக் குடை. வந்ததும் வராததுமாக, "இன்னைக்கு என்னைய எந்த மாலுக்கும் கூட்டிட்டுப் போயிடாதே டி. சும்மா நடக்கணும், பேசணும், அவ்வளவுதான்" என்றாள்.

எங்கே நடப்பது என்று நான் முதல் நாள் இரவே முடிவு செய்திருந்தேன். தொலைபேசியில் பேசும்போது அவள், "நம்ம தோட்டத்துப் பாலம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டிருந்தாள். அதிலிருந்து எனக்கும் அதே நினைப்பு. சரி, கோலாலம்பூரில் காலால் கடக்கக்கூடிய பாலங்களாகப் பார்த்துக் கூட்டிப்போவோம், பொழுது சாயும்போது சலோமா நடைபாலத்தில் போய் நிற்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தோட்டத்துப் பாலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நாங்கள் இருவரும் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்கள். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவள் அம்மா தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். லயத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவில் ஓர் ஓடை. அதன் குறுக்கே இரண்டு தென்னமரங்களைப் போட்டு, மேலே பலகை அடித்திருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மட்டும் கம்பி. அம்மாக்கள் விடியுமுன்பே பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். அதனால் பள்ளிக்கூடத்துக்கு நாங்களாகவேதான் போக வேண்டும். முதல் நாள் மட்டும் அவள் அம்மா கூட வந்து, ஓடைக்கரையில் நின்று சொல்லிக்கொடுத்தார்: "கீழே பார்க்காதே. எண்ணிக்கிட்டே போ. பதினாறு வந்தா பள்ளிக்கூடம்."

பதினாறு எட்டு. ஆறு வருஷமும் அப்படித்தான் எண்ணிக்கொண்டே போனோம். கால் நீண்ட பிறகு பன்னிரண்டிலேயே அக்கரை வந்துவிடும். ஆனாலும் மீதி நாலை மண்ணில் எண்ணி முடித்துவிட்டுத்தான் பையை இறக்குவோம்.

மூன்றாம் வகுப்பில் ஒரு மழைக்காலத்தில் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. லயத்து வாசலில் நின்றால் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் தெரியும். தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி காதில் விழும். ஆனால் போய்ச் சேர, துரை பங்களா வழியாகப் பெரிய சாலைக்கு ஏறி, சுற்றிக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மூன்று வாரம் அப்படி நடந்தோம். பல பிள்ளைகள் வரவே இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாக்களே கூடிப் புதிதாக மரம் இழுத்துப் போட்டார்கள். அந்த மூன்று வாரத்தை நான் மறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் இடம் காலுக்கு எட்டவில்லை என்றால் சின்னப் பிள்ளைக்கு எப்படி அழுகை வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நடப்பவர்களுக்கென்று யாராவது ஒரு பாலம் கட்டினால் எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

காலைப் பசிக்கு பிரிக்ஃபீல்ட்ஸ். தோசையும், தே தாரேக் என்கிற இழுத்து ஆற்றிய டீயும். கடை இருந்த துன் சம்பந்தன் சாலையின் பெயரைப் பார்த்ததும் அவள் எங்கள் அப்பாக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து அந்தத் தோட்டங்களையே வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் சம்பந்தன். அவரும் எங்கள் பேராக், சுங்கை சிப்புட்காரர். அவள் அப்பாவின் பங்குப் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறதாம். எங்கள் தோட்டம் அப்படிக் காப்பாற்றப்படவில்லை. அதைப் பேசினால் பொழுது போய்விடும், எழுந்துவிட்டோம்.

போகிற வழியில் பூக்கடையில் நின்று ஒரு கவுளி வெற்றிலை வாங்கினாள். எதற்கு என்று கேட்டேன். "அப்புறம் சொல்றேன்" என்று ஈரத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எல்.ஆர்.டி. நகர ரயிலில் ஒரே நிறுத்தம், பசார் செனி. அங்கே சென்ட்ரல் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு நடைபாலம், கிள்ளான் ஆற்றைத் தாண்டி டாயாபூமி கட்டடத்துக்குப் போகிறது. அஞ்சல் வேலை, வங்கி வேலை என்று நானே எத்தனையோ முறை இதில் ஓடியிருக்கிறேன். ஒரு முறைகூட நடுவில் நின்றதில்லை. அவள் பாதியில் நின்று கைப்பிடியில் சாய்ந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் நானும் நின்றேன். இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர், நடுவில் தேங்காய்ப்பால் விட்ட கோப்பி நிறத்தில் தண்ணீர். ஒரு கொக்கு, ஒற்றைக்காலில். பின்னால் வேலைக்குப் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

"இதுவா கோலாலம்பூர் ஆறு? நம்ம ஓடை இதைவிடச் சுத்தமா இருந்துச்சே" என்றாள். உண்மைதான். ஆனால் இந்தச் சேற்றில்தான் ஊரே பிறந்தது. கோலா என்றால் ஆறு கூடும் இடம், லும்பூர் என்றால் சேறு. 1857-இல் ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்கள் ஆற்றோடு மேலேறி வந்து, இந்தச் சங்கமத்துக்கு அப்பால் அம்பாங் பக்கம் காட்டுக்குள் போனார்கள். ஒரு மாதத்துக்குள் மலேரியாவில் மடிந்தவர்கள் போக மிஞ்சியது 18 பேர். எங்கள் தாத்தாக்கள் காடு அழித்து ரப்பர் நட்ட கதையும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் அவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. அவள் இதைக் கேட்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

ஆற்றோரமாகவே வடக்கே நடந்தால் சங்கமம் வந்துவிடும். கிள்ளான் ஆறு ஒரு பக்கம், கோம்பாக் ஆறு ஒரு பக்கம், நடுவில் கப்பலின் முனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் மஸ்ஜிட் ஜாமெக். 1909-இல் திறந்த பள்ளிவாசல். வரைந்தவர் ஹப்பக் என்ற ஆங்கிலேயர். 1965-இல் தேசியப் பள்ளிவாசல் வரும்வரை நகரத்துக்கு இதுதான் பெரிய பள்ளிவாசல். செங்கல்லும் வெள்ளைப் பூச்சும் மாறி மாறி வரிவரியாக இருக்கும். சுற்றிலும் தென்னை. எதிர்க்கரையில் 1897-இல் கட்டிய சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், அதன் மணிக்கூண்டு. ஆற்றங்கரையைச் சீர்செய்து, கல் பாவி, உட்கார மேடை போட்டிருக்கிறார்கள். நான் இளமையில் இங்கே வேலைக்கு வந்தபோது ஆற்றுக்கு எல்லாக் கட்டடமும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றது. இப்போது முகத்தைத் திருப்பியிருக்கிறது. எனக்கு அது சந்தோஷம்.

அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். என்ன பேசினோம் என்று எழுதினால் யாருக்கும் சுவைக்காது. யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் பையன் ஆஸ்திரேலியாவில், யார் போய்ச் சேர்ந்தார்கள். எங்களுக்கு இரண்டு வருஷத்துக் கணக்கு தீர வேண்டியிருந்தது.

பக்கத்தில் லெபோ அம்பாங். ஒரு காலத்தில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் நிறைந்த தெரு. அதில் நுழைந்து, சுற்றி, ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பக்கம் வந்து சாப்பிட்டோம். இரண்டாயிரத்து இருபத்து நான்காம் வருஷம் ஆகஸ்டில் இந்தத் தெருவில்தான் நடைபாதை திடீரென்று உள்வாங்கி, ஆந்திராவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு பெண் உள்ளே போய்விட்டார். பல நாள் தேடியும் கிடைக்கவில்லை. அவர் போன பாதையில் நாங்களும் வாராவாரம் நடந்தவர்கள்தான். அவள் கொஞ்சம் நின்று கைகூப்பினாள். நானும் நின்றேன்.

நாலு மணிக்கு வழக்கம்போல மழை. கடைகளின் முன்தாழ்வாரத்தில் புடவைக் கட்டுகளுக்கு நடுவே ஒதுங்கினோம். கொட்டித் தீர்த்தது. "இப்ப ஆறு ஏறியிருக்கும்ல?" என்று அவளுக்கு ஒரே கவலை. அடித்துப் போன பாலம் அவளுக்கும் மறக்கவில்லை. நகரத்துக்கு அடியில் 9.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்மார்ட் சுரங்கம் இருப்பதையும், அதன் ஒரு பகுதியில் கார்கள் ஓடுவதையும், பெருமழை வந்தால் கார்களை வெளியேற்றிவிட்டு வெள்ளத்தை அதற்குள் திருப்பிவிடுவதையும் சொன்னேன். 2007-இல் திறந்தது. "காரு ஓடற வழியிலயே தண்ணியா?" என்று கண்ணை விரித்தாள். பிறகு கவலை குறைந்து, பக்கத்துக் கடையில் மகளுக்கு ஒரு புடவைக்கு விலை பேச ஆரம்பித்தாள். வாங்கவில்லை.

மழை விட்டதும் மறுபடி எல்.ஆர்.டி. கம்போங் பாரு நிலையத்தில் இறங்கினோம். 1900 வாக்கில் மலாய்க்காரர்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு இது. மரவீடுகள், வாழை, கோழி, வாசலில் நாசி லெமாக் விற்கும் அக்காக்கள். இந்த வீடுகளின் கூரைக்கு மேலே, கை நீட்டினால் தொடலாம் போல பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். தோழி வாயடைத்து நின்றாள். "இவ்வளவு பக்கத்துலயா?"

பக்கம்தான். ஆனால் வருஷக்கணக்காக அந்தப் பக்கம் போக நேர்வழி இல்லை. நடுவில் கிள்ளான் ஆறு, அதோடு ஒட்டி ஏகேஎல்இஎச் உயர்நெடுஞ்சாலை. கோபுரத்தில் துப்புரவு வேலை, காவல் வேலை, கடை வேலை என்று இங்கிருந்து போகிறவர்கள் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றுவழியில் போக வேண்டும். எங்கள் கொடிக்கம்பமும் தண்டவாள மணியும் மாதிரி. 2020 பிப்ரவரியில்தான் சலோமா பாலம் திறந்தது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். 69 மீட்டர் நீளம். திறந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, கொரோனாவுக்காக நாடே கதவைப் பூட்டிக்கொண்டது. ஆளே இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்த அந்தப் பாலத்தைப் படத்தில் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டது ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறரை மணி இருக்கும். மழை கழுவிய வானம், பாலத்தின் தரையில் இன்னும் ஈரம். பாலத்துக்கு மேலே இரும்புச் சட்டங்களை வலைபோலப் பின்னி, இலை இலையாகத் தகடு பதித்துக் கூடு மாதிரி வளைத்திருக்கிறார்கள். இலைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் தாழ்ந்து வரும். மலாய்க் கல்யாணத்தில் வெற்றிலைகளை அடுக்கடுக்காகச் செருகிக் கோபுரம் மாதிரி செய்து வைப்பார்களே, சீரே ஜுன்ஜோங், அதைப் பார்த்துத்தான் இந்த வடிவம் என்று நான் சொன்னேன்.

"வெத்தலையா!" என்றவள் உடனே பையைத் திறந்தாள். ஈரத் துணியைப் பிரித்து வெற்றிலைக் கட்டை எடுத்தாள். காலையிலிருந்து சுமந்தும் வாடவில்லை. காம்போரம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. பையின் அடியிலிருந்து ஒரு உறை, ஒரு சின்னக் குங்குமச் சிமிழ், பொட்டலத்தில் பாக்கு. உறையின் மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. மகளுக்குக் கல்யாணம்.

"முறைப்படி நானும் அவரும் அடுத்த மாசம் வீட்டுக்கு வந்து தட்டு வச்சு அழைப்போம். இது அது இல்ல. இது நான் உனக்கு மட்டும் வைக்கிறது. முதல் பத்திரிகை உனக்குத்தான்னு சின்ன வயசுல சொன்னேன்ல."

சொன்னாள்தான். பத்து வயதில், ஓடைக்கரையில். நெற்றியில் குங்குமம் வைத்து, இரண்டு வெற்றிலையின் மேல் பத்திரிகையை வைத்து நீட்டினாள். என்னால் பேச முடியவில்லை. சைக்கிளில் வந்த ஒரு மலாய்ப் பையன் என்ன ஏது என்று புரியாமலே வேகத்தைக் குறைத்து, சிரித்துவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெற்றிலையைத் தூக்கிக் கூரையோடு வைத்துப் பார்த்தேன். நடு நரம்பிலிருந்து கிளைத்து, வளைந்து, நுனியில் கூடும் நரம்புகள். மேலே இரும்புச் சட்டமும் ஏறக்குறைய அதே மாதிரிதான் பிரிந்து வளைகிறது. வரைந்தவர்கள் ஒரு வெற்றிலையை இப்படி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த இலைக்குப் பின்னால் கோபுரம் மங்கலாகத் தெரிந்தது.

அப்போது விளக்கு வந்தது. 4,000-க்கும் மேற்பட்ட சின்ன விளக்குகள். முதலில் பச்சை, பிறகு நீலம், ஊதா. கம்போங் பாரு பக்கமிருந்து மக்ரிப் பாங்கு கேட்டது. பாலத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கல்யாணப் படம் எடுக்க வந்த ஜோடி, பிள்ளையைத் தோளில் ஏற்றிய பங்களாதேஷ் தொழிலாளி, சீருடையோடு வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள். எனக்கு அந்தப் பெண்களைப் பார்க்கத்தான் ஆசை. படம் எடுக்காமல், மேலே பார்க்காமல், செருப்பு சத்தத்தோடு நேராக வீட்டுக்கு நடக்கிறார்கள். இந்தப் பாலம் அவர்களுடையது.

அந்தக் கோடியில் இறங்கினால் பக்கத்திலேயே ஜாலான் அம்பாங் முஸ்லிம் கல்லறைத் தோட்டம். மலாய்த் திரை நடிகரும் பாடகருமான பி. ரம்லியும், பாடகியான அவர் மனைவி சலோமாவும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். அவர் 1973-இல், அவர் மனைவி 1983-இல். பாலத்துக்கு அந்த அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். லயத்தில் ஒரே ஒரு வீட்டில் டிவி இருந்த காலத்தில், எங்கள் அம்மாக்களுக்கு மலாய் பாதிதான் புரியும். சலோமா பாட ஆரம்பித்தால் ரப்பர்ப்பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிடுவார்கள்.

"மேலே அந்தக் கோபுரத்துக்கு நடுவுலயும் ஒரு பாலம் இருக்கே, அதுல ஏறலாமா?" என்று கேட்டாள். 41, 42-ஆவது மாடிகளில், தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாலம். 58 மீட்டர்தான், நாங்கள் நின்றுகொண்டிருந்ததைவிட 11 மீட்டர் குறைவு. கோபுரங்கள் காற்றில் அசையும்போது இழுபடாமல் இருக்க அதன் முனைகளை இறுக்கிப் பூட்டாமல், உள்ளேயும் வெளியேயும் நகரும்படி விட்டிருக்கிறார்கள். நான் ஒருமுறை ஏறியிருக்கிறேன். டிக்கெட் வாங்கி, நேரம் குறித்து, காட்டிக்கொண்டே கூட்டிப்போய், நேரம் ஆனதும் இறக்கிவிடுவார்கள். அழகுதான். இன்னொரு நாள் போகலாம் என்றேன். இங்கே எங்களை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு பாலம் கட்டத் தெரிந்த ஊர் இது. என் வீட்டுப் பக்கத்துச் சாலை மேம்பாலத்தில் விளக்கு எரிந்து எட்டு மாதம் ஆகிறது. படிக்கட்டின் தகரம் பெயர்ந்து கிடக்கிறது. முட்டிவலிக்கார அம்மாக்கள் அதில் ஏற முடியாமல், ஆறு தடத்தில் ஓடும் கார்களுக்கு நடுவே கையைக் காட்டிக் காட்டிக் கடக்கிறார்கள். இரண்டு முறை எழுதிப்போட்டேன். மறுபடியும் எழுதுவேன். அந்த அம்மாக்களுக்கும் எதிர்ப்பக்கத்துக் கிளினிக் கண்ணுக்குத் தெரிகிறது.

இருட்டிவிட்டது. இரவு என் வீட்டில்தான் தங்குகிறாள், அவசரம் இல்லை. கம்போங் பாருவில் சாத்தே சாப்பிடலாம் என்று திரும்பி நடந்தோம். பாலத்தின் வாயில் அவள் சட்டென்று நின்று, பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, "ஒண்ணு" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. "ரெண்டு" என்றேன். இருவரும் சேர்ந்து, சத்தமாக, பக்கத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, எண்ணிக்கொண்டே நடந்தோம். பதினாறில் அவள் என் கையைப் பிடித்தாள். நிற்கவில்லை. நாற்பதைத் தாண்டியிருப்போம், பாலத்தின் நடுவுக்கு வந்துவிட்டோம். அங்கே அவள் கைப்பிடி ஓரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்குகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. அதையொட்டி இருட்டில் ஆறு, மழைத்தண்ணீரோடு வேகமாக. பாலத்தின் ஊதா வெளிச்சம் அதில் விழுந்து உடைந்து உடைந்து போனது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனையில விட்டோம்?" என்று கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. திரும்பவும் முதல் கோடிக்கே போய், ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம்.